80 கிலோ மூட்டையும் 48 பவுண்டு பருப்பும்

முந்திரிக் கொட்டையின் தரத்தை வணிகர்கள் ஒரு விசித்திரமான அளவில் சொல்கிறார்கள். மூட்டை 80 கிலோ. அதை உடைத்தால் தேறும் பருப்பு மட்டும் பவுண்டில். "இந்த லோடு 48" என்று ஒருவர் சொன்னால், ஒரு மூட்டையில் 48 பவுண்டு பருப்பு கிடைக்கும் என்று பொருள். ஒரு கிலோ கொட்டையை எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, பொக்கு என்று பிரித்து நிறுத்து, புள்ளி விழுந்ததைப் பாதி எடையாகக் கணக்கிட்டு அந்த எண்ணுக்கு வந்து சேர வேண்டும். பண்ருட்டியில் கற்ற இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் நம்பி, 2024 ஜனவரி இறுதியில் கோத் திவ்வார் நாட்டின் புவாக்கே நகரிலுள்ள ஒரு கொள்முதல் கிடங்குக்குத் தரச் சோதனையாளனாக வந்து சேர்ந்தேன். நம் பத்திரிகைகள் இந்த நாட்டை ஐவரி கோஸ்ட் என்றே எழுதுகின்றன. தன் பெயரை எந்த மொழியிலும் பெயர்த்து அழைக்க வேண்டாம் என்று 1980-களின் நடுவிலேயே உலகத்திடம் கேட்டுக்கொண்ட நாடு இது என்பதை இங்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

அதற்கு முன் இந்தப் பகுதியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்சிக் கவிழ்ப்புச் செய்திகள்தான். மாலியில் 2020-இலும் 2021-இலும், கினியில் 2021-இல், புர்கினா ஃபாசோவில் 2022-ஆம் ஆண்டிலேயே இருமுறை, நைஜரில் 2023 ஜூலையில் என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தொலைக்காட்சியில் ஓர் இராணுவ அதிகாரி காகிதத்தைப் பார்த்து வாசிப்பார்; பின்னால் முகமூடி அணிந்தவர்கள் நிற்பார்கள். நாட்டின் பெயர் மட்டுமே மாறும் என்று எனக்குத் தோன்றும். அந்த நாடுகளில் இரண்டிலிருந்து வந்தவர்கள்தாம் எங்கள் கிடங்கில் மூட்டை சுமக்கிறார்கள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. கோத் திவ்வாரின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டவர்; அவர்களில் பெரும்பாலோர் புர்கினாவையும் மாலியையும் சேர்ந்தவர்கள். வடபகுதியின் சந்தை மொழியான ஜூலாவும் மாலியில் பேசப்படும் பம்பாராவும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், எல்லை கடந்து வந்தவருக்குப் பேச்சில் அந்நியம் இல்லை. காலையில் "ஈ நி சோகோமா" என்று வணக்கம் சொன்னால் ஆண்கள் "ம்பா" என்றும் பெண்கள் "ன்சே" என்றும் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுவதும் நான் "ன்சே" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் திருத்தவில்லை. அவர்களுடைய அன்றாடச் சிரிப்பில் ஒன்றைக் குறைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

நான் வந்த சில நாட்களில், ஜனவரி 28 அன்று, மாலியும் புர்கினாவும் நைஜரும் எக்கோவாஸ் எனப்படும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பிலிருந்து விலகுவதாகக் கூட்டாக அறிவித்தன. அந்தக் கூட்டமைப்புக்குள் விசா இன்றிப் பயணம் செய்யலாம் என்ற ஏற்பாட்டில்தான் எங்கள் சுமைத் தொழிலாளர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் கவலையோடு செய்தியைப் படித்துக் காட்டினேன். அவர்களுக்கோ அந்த வாரம் வேறு கவலை. ஆப்பிரிக்க நாடுகளின் கால்பந்துக் கோப்பை அப்போது இந்த நாட்டில்தான் நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 3 அன்று காலிறுதியில் மாலியும் கோத் திவ்வாரும் எங்கள் ஊர் மைதானத்திலேயே மோதவிருந்தன. 2002-இல் நாடு இரண்டாகப் பிளந்தபோது கிளர்ச்சிப் படையின் தலைநகராக இருந்த ஊர் புவாக்கே. அதன் மைதானத்தின் பெயர் அமைதி அரங்கம்.

அனுமதிச் சீட்டு கிடைக்காத எங்களுக்குக் கிடங்கின் எடைமேடை அருகே ஒரு தொலைக்காட்சி வைக்கப்பட்டது. மாலியைச் சேர்ந்தவர்கள் இடப்பக்க மூட்டைகளின் மேலும் உள்ளூர்க்காரர்கள் வலப்பக்கத்திலும் ஏறி அமர்ந்தார்கள். முதல் பாதியிலேயே ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேருடன் ஆடிய கோத் திவ்வார், 90-ஆவது நிமிடத்தில் கோல் போட்டுச் சமன் செய்து, கூடுதல் நேரமும் முடிந்து நடுவர் விசிலை வாயில் வைக்கும் நொடியில் இன்னொன்று போட்டு 2–1 என வென்றது. அதன் பிறகு நான் ஒரு சண்டையை எதிர்பார்த்தேன். நடந்ததோ வேறு. உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் மாலிக்காரரிடம் போய், "அவரைக்காய் தின்கிறவனுக்குப் பந்தாட்டம் எதற்கு?" என்றார், இவர் அவரை "என் வீட்டு அடிமை" என்று திட்டினார், இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் திராவோரே குலம், மற்றவர் தியாரா குலமாம். இந்தக் குலங்களுக்கிடையே கேலி பேசிக்கொள்வது உரிமை, கோபித்துக்கொள்வதுதான் குற்றம். மாமன் மச்சான் கேலியில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை; ஆனால் இரண்டு நாடுகளின் அரசுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கேலி எல்லை தாண்டிச் செல்லுபடியாவதைப் பார்த்தது புதிது. எங்கள் கணக்காளர் அம்மையார் தோற்றவர்களிடம் போய் "யாக்கோ" என்றார். துக்க வீட்டிலும் சொல்வார்கள், கால் இடறியவரிடமும் சொல்வார்கள். "பட்ட துன்பத்தில் எனக்கும் பங்குண்டு" என்பது போன்ற ஒரு சொல். தமிழில் இதற்கு இணையாக ஒற்றைச் சொல்லைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அந்த அம்மையார்தாம் இங்கு எனக்கு ஆசிரியர். இந்த நாடும் அண்டை நாடுகள் சிலவும் பொதுவாகப் பயன்படுத்தும் நாணயம் சிஎஃப்ஏ ஃபிராங்க். என் கொள்முதல் அட்டவணையில் யூரோவுக்கு எத்தனை ஃபிராங்க் என்பதைத் தினமும் பதிய ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு அவர் அந்தப் பத்தியையே அழித்துவிட்டார். ஒரு யூரோவுக்கு 655.957 ஃபிராங்க்; யூரோ பிறந்த 1999-இலிருந்து அந்த எண்ணின் கடைசிப் புள்ளிகூட அசையவில்லை. டாலரில் விற்கும் நாங்கள், யூரோ ஏறினால் நட்டப்படுகிறோம், இறங்கினால் பிழைக்கிறோம். இங்குள்ள விவசாயியின் மழைக்கும் விளைச்சலுக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை. "அசையாத எண் என்று நம்பாதே" என்று அவரே பிறகு சொன்னார். 1994 ஜனவரியில் ஒரே இரவில் அந்த நாணயத்தின் மதிப்பு பாதியாக்கப்பட்டது. அதுவரை ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50 என இருந்தது 100 ஆனது. இளம்பெண்ணாக இருந்த அவர் மறுநாள் மருந்துக் கடையில், தாயின் மருந்துச் சீட்டோடு நின்றதை இன்றும் கோபமாகச் சொல்கிறார். நாணயத்தைப் பிரான்சின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று இளைஞர்கள் முழங்குவதும், 'எக்கோ' என்ற புதிய பெயரை 2019 டிசம்பரில் அபிஜானில் அறிவித்த பின்னும் அது வராமலிருப்பதும், பிரான்சை வெளியேற்றிய மூன்று இராணுவ அரசுகளும் அதே ஃபிராங்கைப் பயன்படுத்திவருவதும் எனக்குத் தலைப்புச் செய்திகளாகத் தெரிந்தவை. அவருக்கு அவை ஒரு மருந்துச் சீட்டின் தொடர்ச்சி.

அசையும் நாணயம் எப்படி இருக்கும் என்பதைக் கானா எல்லையருகே போந்துக்கு நகருக்குச் சரக்கு பார்க்கப் போனபோது கண்டேன். எல்லையின் இருபுறமும் ஒரே மக்கள். அப்ரோன்களின் ஜியாமன் அரசு இருந்த நிலத்தைப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டதன் மிச்சம். அந்தப் பக்கம் சாம்பா சந்தையில் கானாவின் நாணயமான 'செடி'. 2022-இன் தொடக்கத்தில் டாலருக்கு 6 செடி அளவில் இருந்தது அவ்வாண்டு முடிவதற்குள் இருமடங்கையும் தாண்டிச் சரிந்தது. டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. கோத் திவ்வாரிலோ தோட்டத்து விலையை அரசே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அறிவிக்கிறது: 2023-இல் கிலோவுக்கு 315 ஃபிராங்க், நான் வந்த 2024-இல் 275. கொட்டையைத் தரைவழியாக ஏற்றுமதி செய்யத் தடை. அபிஜான், சான் பெத்ரோ துறைமுகங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் சாம்பாவில் விலை கூடுதல் என்று தெரிந்த இரவில் மோட்டார் சைக்கிளில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் போகிறவரைச் சட்டம் எவ்வளவு தடுக்கும்? அப்படிப் போவது கடத்தலா, பக்கத்துத் தெருச் சித்தப்பா வீட்டுக்குப் போவதா என்பதில் ஊராரிடமும் அதிகாரிகளிடமும் இரு வேறு கருத்துகள் இருந்தன. நான் சம்பளம் வாங்குவது சட்டப்படி வாங்குகிறவரிடம் என்பதால் என் கருத்தை யாரும் கேட்கவில்லை.

என்னிடம் கேட்கப்பட்டது வேறொரு கேள்வி. அந்தப் பருவத்தில் விளைச்சல் குறைந்து விலை ஏறத் தொடங்கியதும், உள்ளூர் ஆலைகளுக்கு முதலில் கொட்டை கிடைக்கட்டும் என்று அரசு துறைமுகத்துக்குச் சரக்கு போவதை நிறுத்திவைத்தது. பக்கத்திலுள்ள பெனின் அவ்வாண்டு ஏப்ரல் முதல் பச்சைக் கொட்டை ஏற்றுமதியையே தடைசெய்துவிட்டது. எங்கள் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. நான் அரசைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது கணக்காளர் அம்மையார் நிதானமாகக் கேட்டார்: "நீங்கள் கொட்டையைக் கொண்டுபோங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, அதை உடைக்கும் வேலையையும் ஏன் சேர்த்துக் கொண்டுபோகிறீர்கள்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் விளைவது அங்குள்ள ஆலைகளுக்குப் போதாது. தூத்துக்குடியில் வந்து இறங்கும் ஆப்பிரிக்கக் கொட்டை இல்லையென்றால் பல ஆலைகள் ஆண்டில் பாதி நாள் மூடிக்கிடக்கும். என் தாய் முப்பது ஆண்டுகள் அப்படிப்பட்ட ஓர் ஆலையில் கிலோ கணக்குக் கூலிக்குப் பருப்புத் தோல் உரித்தவர். என் படிப்புச் செலவு முழுவதும் அந்தக் கூலியில்தான் நடந்தது. அவர் உரித்ததில் எத்தனை பங்கு இந்த மண்ணில் விளைந்தது என்பதை யாரும் அன்று சொல்லவில்லை. மொசாம்பிக்கின் கதையையும் இங்கு வந்த பின்தான் படித்தேன். 1970-களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிக முந்திரி விளைவித்த நாடு அது. 1990-களில் உலக வங்கியின் நிபந்தனையால் பச்சைக் கொட்டை மீதான ஏற்றுமதி வரியைக் குறைத்தது. கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேற, அங்கிருந்த ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். என் தாய்க்கு ஓவர்டைம் கிடைத்த ஆண்டுகள் அவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் யார்மீது குற்றம் சொல்வது என்று தெரியவில்லை; ஆனால் அம்மையாரின் கேள்வி நியாயமானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை, அது வெல்ல வேண்டும் என்றே விரும்புகிறேன், என் வேலைக்கு அது நல்லதல்ல என்றாலும்.

2025 பருவத்தில் தோட்டத்து விலை 425 ஃபிராங்காக உயர்ந்தது. அவ்வாண்டு புவாக்கேயில் ஓர் ஆலையைப் பார்க்க அம்மையார் என்னை அழைத்துச் சென்றார். நீண்ட மேசைகளின் இருபுறமும் வலைத்தொப்பி அணிந்த பெண்கள் சிறு கத்தியால் தோல் நீக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டுகளில் எழுதியிருந்த தரம் பவுண்டுக்கு 320 பருப்பு. இங்கேயும் பவுண்டுதான். அனுமதி பெற்று ஒரு சிறிய காணொளி எடுத்துத் தாய்க்கு அனுப்பினேன். அவர் பெருமைப்படுவார் என்றோ, வருந்துவார் என்றோ நினைத்திருந்தேன். மாலையில் தொலைபேசியில் வந்தார்.

"ரெண்டாவதா ஒக்காந்திருக்கே, மஞ்சத் துணி கட்டுன பொண்ணு, அது கத்தியை ரொம்ப அழுத்துது. பருப்பு ரெண்டாப் பொளந்துரும். சொல்லு அதுகிட்ட."

மறுநாள் வேறு வேலையாக அந்த ஆலைக்குப் போனபோது, அம்மையாரை மொழிபெயர்க்கச் சொல்லி அதை அப்படியே அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காணொளியை மீண்டும் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு பருப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உலர்த்தும் அறையிலிருந்து சரியாகக் காயாமல் வந்ததாம், தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், அழுத்தாமல் வராதாம். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும் என்றார்.