டாட் இன் சேர்க்கப் போய் ஒரு வரியில் மாட்டிக்கொண்ட கதை

எங்கள் அலுவலக மெயில் சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்), டவ்காட் (பெட்டியிலிருந்து மெயிலை எடுத்துக் கொடுப்பது) போட்டு நான்கு வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் முதலாளி புதிதாக ஒரு டாட் இன் டொமைன் வாங்கிவிட்டு, "பழைய டாட் காம் இருக்கட்டும்ப்பா. புதுசுக்கு வர்றதும் அதே பெட்டியில விழணும், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான் என்று நானும் தலையாட்டினேன்.

முதல் செலவே தண்டம். சர்வரை வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனியின் உதவி எண்ணில் பேசியவர், இரண்டாவது டொமைனுக்குத் தனி ஐபி வேண்டும் என்று அடித்துச் சொன்னார். பயந்துபோய் ஒரு மாதத்துக்குக் கட்டினேன். தேவையே இல்லை. ஐபி எந்தப் பெயருடையது என்று சொல்லும் பிடிஆர் பதிவும், சர்வர் ஹெலோவில் (இன்னொரு சர்வரிடம் முதலில் வணக்கம் வைக்கும்போது) சொல்லும் பெயரும் ஒத்துப்போனால் சரி; டாட் இன்னின் எம்எக்ஸை (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவை) பழைய சர்வர் பெயருக்கே காட்டலாம். இணைப்பை மறையாக்கும் சான்றிதழும் அந்த ஒரு பெயருக்கு இருந்தால் போதும்.

எந்த சர்வர் நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவுக்குப் பத்து நிமிடம். மெயில் நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகிம் கையெழுத்துதான் ஒரு ராத்திரியைத் தின்றது: அதைப் போடும் ஓப்பன்டிகிம் மென்பொருளின் சைனிங் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்தச் சாவி என்ற பட்டியல்) நட்சத்திரக் குறி போட்டால், கான்ஃபிக்கில் கோப்பின் பெயருக்கு முன்னால் 'ரீஃபைல்:' என்று இருக்க வேண்டும்.

அப்புறம்தான் அந்த வரி. டாட் இன்னை விர்ச்சுவல் ஏலியாஸ் டொமைனாக, அதாவது தனக்கென்று பெட்டி இல்லாமல் வருவதை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் டொமைனாகப் போட்டேன். (அதையே, சர்வர் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளும் டொமைன்களின் பட்டியலான மைடெஸ்டினேஷனிலும் எழுதிவைக்காதீர்கள், ஒரு டொமைனுக்கு ஒரு பட்டியல்தான்.) பதினான்கு பேருக்குத் தனித்தனியாக எழுதச் சோம்பல்பட்டு, ஏலியாஸ் கோப்பில் இப்படி முடித்துவிட்டேன்:

@புதியது.இன்    @பழையது.காம்

போஸ்ட்மேப் (கோப்பை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் கட்டளை), ரீலோட், ஒரு சோதனை மெயில். வந்து விழுந்தது. மூன்றாம் நாள் காலை க்யூவை (அனுப்பக் காத்திருக்கும் வரிசையை) பார்த்தால், சர்வரே அனுப்பும் மெயிலர்-டீமன் பெயரில் மலைபோல் பவுன்ஸ்கள் (சேர்க்க முடியவில்லை என்று திரும்பும் மெயில்கள்). அந்த வரி இருப்பதால் டாட் இன்னில் எந்தப் பெயருக்கு வந்தாலும் சர்வர் வாங்கிக்கொள்கிறது. டாட் காமுக்கு மாற்றிய பிறகுதான் அப்படி ஒரு ஆளே இல்லை என்று அதற்குத் தெரிகிறது. உடனே 'அனுப்பியவருக்கு' திருப்பி விடுகிறது. ஸ்பேமில் அனுப்பியவர் முகவரியே போலி. சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் பெட்டியில் நம் குப்பை போய் விழும். வாசலிலேயே 550 (அப்படி ஆளில்லை) சொல்லித் துரத்தியிருக்க வேண்டியது. எங்கள் ஐபி ஸ்பேம் அனுப்புவோர் பிளாக்லிஸ்டில் ஏறி, இறங்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் கொட்டேஷனெல்லாம் முதலாளியின் சொந்த ஜிமெயிலிலிருந்துதான் போனது.

பேசாமல் பதினான்கு பேருக்கும் ஆளுக்கொரு வரி எழுதினேன்.

முதலாளி அத்தோடு விட்டாரா? "பேரைத் தப்பா அடிச்சு டாட் காமுக்கு வர்றதெல்லாம் எனக்கு வரட்டும்" என்றார். ஏலியாஸ் கோப்பில் @பழையது.காம் என்று எழுதி அவர் முகவரிக்குக் காட்டினேன். மதியத்துக்குள் அலுவலகத்தில் யாருக்கும் மெயில் இல்லை. கணக்குப் பிரிவுக்கு வந்தது, ஒருவர் வேறு வேலைக்கு விண்ணப்பித்ததற்கு வந்த பதில் உட்பட, எல்லாம் முதலாளி பெட்டியில்! போஸ்ட்ஃபிக்ஸ் ஏலியாஸைத்தான் முதலில் பார்க்கும், பெட்டி இருக்கிறதா என்று அப்புறம்தான். ஆகவே இப்படி எல்லாப் பெயரையும் பிடிக்கும் கேட்ச்-ஆல் வரி போட்டால் நிஜப் பெட்டி ஒவ்வொன்றையும் தனக்குத்தானே காட்டி ஒரு வரி எழுதியாக வேண்டும்: கணக்கு@ முகவரிக்கு எதிரே அதே கணக்கு@. பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், எழுதுங்கள். எழுதியதும் போஸ்ட்மேப் -க்யூ கொடுத்து எந்த முகவரி எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருந்தால் அந்த நண்பர் என்னோடு இன்னும் பேசிக்கொண்டிருப்பார்.

கடைசியாக, டாட் இன் முகவரியிலிருந்து அனுப்பினால் 'நாட் ஓன்ட் பை யூசர்' (இது உன் முகவரி இல்லை) என்று மறுத்தது. யார் எந்த முகவரியிலிருந்து அனுப்பலாம் என்ற பட்டியலான சென்டர் லாகின் மேப்ஸுக்கும் அதே ஏலியாஸ் கோப்பைக் காட்டினேன், சரியாகிவிட்டது. ஒன்றே ஒன்று: கேட்ச்-ஆல் வரி அதிலும் இருப்பதால், இல்லாத எந்தப் பெயரிலும் முதலாளியால் மெயில் அனுப்ப முடியும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.