பழைய திங்க்பேடுக்கு எஸ்எஸ்டியும் 16 ஜிபி ராமும்: ஒரு ஃபைல்கூடப் போகாமல்

மெஷின்: லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230, 2012-ல் வந்த மாடல். மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. டிஸ்க்கில் 210 ஜிபி நிரம்பியிருக்கிறது. டேலி கணக்கு, ஜிஎஸ்டி பில், பத்து வருடத்துப் போட்டோ எல்லாம் அதில்தான். இருப்பது ராயபுரம், கடல் காற்று நேராக அடிக்கும் தெரு. விண்டோஸை மறுபடி போடாமல் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாகவும் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ராமை 16 ஜிபியாகவும் மாற்ற வேண்டும்.

மூடியைக் கழற்றியாச்சு, கையோடு ராமையும் போட்டுவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். போடாதீர்கள். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ராம் வழியாகத்தான் போகிறது. புது ஸ்டிக்கில் ஒரு பிட் புரண்டால் நகல் கெட்டுப்போகும், எந்த எரரும் காட்டாது. ஆறு மாதம் கழித்து ஒரு போட்டோ பாதி சாம்பல் நிறமாகத் திறக்கும்போதுதான் தெரியும். அதனால் இந்தக் குறிப்பு முழுக்க ஒரே வரிசை: பழைய ராமைச் சோதி, டிஸ்க்கை நகலெடு, நகலைச் சரிபார், கடைசியில் புது ராம்.

முதல் நாள்

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்க்க வேண்டியது மூன்றே வரி: 05 (பழுதாகி மாற்றப்பட்டவை), சி5 (நிலுவையில் உள்ளவை), சி6 (சரிசெய்ய முடியாதவை). மேலே 'குட்' என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த டிஸ்க்கில் 05 பூஜ்யம், சி6 பூஜ்யம், சி5 மட்டும் 8. அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் 8 செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு துண்டு), ஒவ்வொன்றும் 512 பைட். இந்தக் காலத்து டிஸ்க்குகளில் உள்ளே ஒரு செக்டார் 4,096 பைட் என்பதால், எட்டும் ஒரே இடத்துக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும்.

சி5 பூஜ்யமாக இருந்தால் குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருள் போதும், பயன்படுத்திய இடத்தை மட்டும் நகலெடுத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். பூஜ்யம் இல்லை என்றால் சாதாரண குளோனிங் அந்த செக்டாரில் முட்டி நின்றுவிடும். அப்போது சிகேடிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் ரிப்பேர் கருவி) ஓட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அது நோயாளி டிஸ்க்கிலேயே எழுதும், பழுதான இடத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டும். முதலில் நகல், ரிப்பேர் எல்லாம் நகலின் மேல்தான். இந்த வேலைக்கு, பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கவே உள்ள லினக்ஸ் கருவி ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ.

அதற்கு முன்னால் டேலி டேட்டா ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் எடுத்தாயிற்று. பத்து நிமிட வேலை. திரும்பக் கிடைக்காத சின்ன ஃபோல்டர் எதுவோ அது முதலில் வெளியே வந்துவிட வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதா என்றும் இப்போதே பாருங்கள். ஓடினால் ரெகவரி கீயைத் தாளில் எழுதிவைத்துவிட்டு சஸ்பெண்ட் செய்ய வேண்டும்.

ராத்திரி முழுக்க பழைய 4 ஜிபி ராமில் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை ஓடியது. எரர் இல்லை.

இரண்டாம் நாள்: ரிச்சி ஸ்ட்ரீட்

சென்னையின் கம்ப்யூட்டர் பாகச் சந்தை இது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். கேட்டு வாங்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

எஸ்எஸ்டி: 2.5 அங்குலம், சாட்டா (பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பு), 7 மில்லிமீட்டர் தடிமன். கொள்ளளவு 500 ஜிபியேதான், 480 அல்ல. 20 ஜிபிதானே என்று விட்டால் மாட்டிக்கொள்வோம். 500 ஜிபி டிஸ்க் என்பது 500,107,862,016 பைட், 480 ஜிபி எஸ்எஸ்டி 480,103,981,056 பைட். முழு டிஸ்க் நகல் சின்னதுக்குள் போகாது. பார்ட்டிஷனைச் சுருக்கலாம், ஆனால் பழுதான டிஸ்க்கில் அந்த வேலையே கூடாது. பெயர் தெரியாத கம்பெனியின் 2 டிபி எஸ்எஸ்டி 500-இன் விலைக்குக் கிடைத்தால் தொடவே வேண்டாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு சந்தையில் உண்டு. எது வாங்கினாலும் நகலெடுக்கும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கொள்ளளவுச் சோதனைக் கருவியால் முழுக்க நிரப்பிப் பார்ப்பது நல்லது.

ராம்: டிடிஆர்3எல், 1.35 வோல்ட், 204 பின், 1600 மெகாஹெர்ட்ஸ், 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. இதோடு நிறுத்தினால் போதாது. மூன்றாம், நான்காம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் 4 ஜிகாபிட், அதாவது அரை ஜிபி, ராம் சிப்பு வரைதான் ஏற்கும். அதனால் 8 ஜிபி ஸ்டிக்கில் இரு பக்கமும் சேர்த்து 16 கறுப்புச் சிப்பு இருக்க வேண்டும், லேபிளில் '2ஆர்எக்ஸ்8' என்று அச்சிட்டிருக்கும். 8 சிப்பு மட்டும் உள்ள ஸ்டிக் பார்க்கப் புதுசாக இருக்கும், ஐந்தாம் தலைமுறை மெஷினில் ஓடவும் செய்யும், இதில் திரையே வராது. ஒரு கடையில் முதலில் எடுத்து நீட்டியது அதைத்தான். “அண்ணே, ரெண்டு பக்கமும் சிப்பு இருக்கிறது வேணும், டூ ஆர் எக்ஸ் எயிட்” என்றதும் உள்ளேயிருந்து வேறு பெட்டி வந்தது. வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: நகல்

விண்டோஸை ஷிஃப்ட் அழுத்தியபடி ஷட்டவுன் செய்ய வேண்டும். சாதாரண ஷட்டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் போகும், அந்த நிலையையே நகலெடுத்தால் பின்னால் லினக்ஸும் திறக்காது, ராம் மாறியதும் எழும்பவும் தகராறு செய்யும்.

சிஸ்டம்ரெஸ்க்யூ (பென்டிரைவிலேயே ஓடும் மீட்பு லினக்ஸ்) பென்டிரைவிலிருந்து பூட். திங்க்பேடில் அதற்கு எஃப்12. புது எஸ்எஸ்டி, யுஎஸ்பி-சாட்டா கேபிள் வழியாக நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில்.

இந்த வேலையிலேயே ஆபத்தான நிமிடம் இதுதான். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு, அளவைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. மூலமும் இலக்கும் இடம் மாறினால் வெற்று எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்படும், முதல் வினாடியிலேயே பார்ட்டிஷன் டேபிள் காலி. மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் திரையிலும் ஸ்டிக்கரிலும் ஒப்பிட்டு, தாளில் எழுதி, பக்கத்தில் இருப்பவரையும் ஒரு முறை படிக்கச் சொல்லிவிட்டுத்தான் என்டர்.

டிடிரெஸ்க்யூவை இரண்டு சுற்றாக ஓட்ட வேண்டும். முதல் சுற்று 'என்' ஸ்விட்ச்சோடு: நல்ல இடங்களை வேகமாக எடுத்துக்கொண்டு, பழுதான இடத்தைத் தோண்டாமல் தாண்டிப் போகும். இரண்டாவது சுற்று 'டி' ஸ்விட்ச்சும் 'ஆர்3'-யும்: மீதமுள்ளதை மட்டும் மூன்று முறை முயலும். எது வரை நகலெடுத்தது என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் மேப் ஃபைல் தனிப் பென்டிரைவில் இருக்கட்டும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பேட்டரி செத்த லேப்டாப்பை இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இப்படி ஓட்டும்போது அந்தச் சின்ன ஃபைலின் அருமை தெரியும்.

முதல் சுற்று 1 மணி 55 நிமிடம். இரண்டாவது நான்கு நிமிடம். முடிவில் படிக்க முடியாமல் நின்றது 4,096 பைட், எதிர்பார்த்த அதே ஒரு இடம்.

அந்த 4 கேபி யாருடையது? இதைக் கேட்காமல் விடக் கூடாது. மேப் ஃபைலில் உள்ள இடத்தை 512-ஆல் வகுத்து, பார்ட்டிஷன் தொடங்கும் செக்டாரைக் கழித்து, என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் என்ற கருவியிடம் கொடுத்தால் ஃபைல் பெயரைச் சொல்லும். வந்தது விண்டோஸ் அப்டேட் இறக்கிவைத்திருந்த ஒரு தற்காலிக ஃபைல், போனால் போகட்டும். அதுவே டேலி ஃபோல்டராக இருந்திருந்தால் பென்டிரைவ் நகல் கைகொடுத்திருக்கும்.

நான்காம் நாள்: மாட்டுதல்

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். டிஸ்க் மூடிக்கு ஒரே ஸ்க்ரூ. கடல் காற்றில் துரு ஏறியிருந்தால் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் திருகாதீர்கள், தலை மழுங்கிவிடும். சரியான அளவு பிட்டை அழுத்தி வைத்துத் திருப்பினால் வரும். பழைய டிஸ்க்கின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் தண்டவாளத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்ட மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் எஸ்எஸ்டி உள்ளே ஆடும், ஒரு நாள் ஓடும், ஒரு நாள் டிஸ்க் இல்லை என்று சொல்லும்.

பயாஸில் (மெஷின் எழும்பும் முன் வரும் அமைப்புத் திரை) சாட்டா மோட், அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, ஏற்கெனவே என்னவோ அதுவே இருக்கட்டும். ஏஎச்சிஐ-ஐயும் கம்பேட்டிபிலிட்டியையும் இடம் மாற்றினால் நீலத் திரையில் 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்' வரும். நகல் கெட்டுவிட்டது என்று பயந்து எல்லாவற்றையும் அழிப்பவர்கள் உண்டு. நகலில் பிழை இல்லை, மோடைத் திருப்பி வைத்தால் போதும்.

பூட் ஆனது. டெஸ்க்டாப் வந்து அடங்க முன்பு இரண்டு நிமிடத்துக்கு மேல், இப்போது 20 வினாடிக்குள். இப்போதுதான் சிகேடிஸ்க், அதுவும் புது டிஸ்க்கில். டிஃப்ராக் திரையில் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று காட்டினால் ட்ரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வசதி) பற்றிக் கவலை இல்லை. பிறகு பழைய டிஸ்க்கை யுஎஸ்பியில், லினக்ஸில், எழுத முடியாதபடி மவுண்ட் செய்து, ஃப்ரீஃபைல்சிங்க் என்ற ஒப்பிடும் மென்பொருளில் யூசர் ஃபோல்டரை உள்ளடக்க ஒப்பீட்டில் ஓட்டியாயிற்று. தேதியையும் அளவையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது. விண்டோஸ் ஓடும்போது இரண்டையும் சேர்த்து மாட்டாதீர்கள், டிஸ்க் கையெழுத்து இரண்டுக்கும் ஒன்றே என்பதால் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

ஐந்தாம் நாள்: ராம்

அடியில் உள்ள மூடியைத் திறந்தால் இரண்டு ஸ்லாட்டும் ஒரே இடத்தில். தங்க முனைகள் மங்கியிருந்தால் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டுத் துடைக்கலாம். கடைகளில் அழிரப்பரால் தேய்ப்பார்கள். தேய்த்த தூள் ஸ்லாட்டுக்குள் விழுவதால் அது வேண்டாம். 30 டிகிரி சாய்வில் முழுக்கச் செருகி, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். தங்க நிறம் வெளியே தெரிந்தால் முழுக்க உட்காரவில்லை. முதல் பூட்டில் பீப் சத்தம் வந்தது, கழற்றி மறுபடி செருகியதும் 16 ஜிபி காட்டியது.

ராத்திரி மறுபடி மெம்டெஸ்ட், எரர் பூஜ்யம். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இனி ஹைபர்நேட் ஃபைல் (உறங்கும்போது ராமில் உள்ளதை விண்டோஸ் எழுதிவைக்கும் இடம்) ராமின் 40 சதவீதம், சுமார் 6.4 ஜிபி பிடிக்கும், சி டிரைவ் நெருக்கமாக இருப்பவர்கள் கவனிக்கவும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தத் தலைமுறை சிப்பை அதிகாரபூர்வமாக ஏற்காது. பேங்க் வேலைக்கு லினக்ஸ் மின்ட்டைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம், 16 ஜிபிக்கு அது சௌகரியமாக ஓடும். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலும் இதே முறைதான். விண்டோஸோடு பாஸ் (இந்தியாவில் உருவான லினக்ஸ்) லினக்ஸும் சேர்ந்து இருக்கும் மெஷின்களில் பார்ட்டிஷனைத் தனித்தனியாக அல்லாமல் முழு டிஸ்க்காக நகலெடுங்கள், இல்லாவிட்டால் பூட் மெனு வராது.

பழைய டிஸ்க் இப்போது சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில், தேதி எழுதி பீரோவில் இருக்கிறது. ஒரு மாதம் அதில் எதுவும் எழுதப்படாது. சி5 8 காட்டிய டிஸ்க் என்பதால் பின்னால் எக்ஸ்டர்னலாகவும் பயன்படாது.