பென்சில் தேதி

"பதினஞ்சு நாளுதான், கேட்டோ. இது நம்ம புஸ்தகம் இல்ல."

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் இன்று நூலகர் சேச்சி (மலையாளத்தில் அக்கா) நீட்டிய நூலில், ஒரு கல்லூரி நூலகத்தின் ஊதா முத்திரை. அதன் கீழே பென்சிலில் எங்கள் வாசகசாலையின் பெயரும் திருப்ப வேண்டிய தேதியும். பேனாவால் எழுதக் கூடாதாம், இரவல் நூல் பாருங்கள்.

கொங்கு வட்டாரச் சொற்கள் பற்றிய நூல். இங்கே தமிழுக்கு ஒரே அலமாரி, அதிலும் பாதி பழைய வார இதழ்கள். சேச்சி போன வாரம் ஒரு போன் போட்டார், நூல் பஸ்ஸில் வந்துவிட்டது.

அந்தக் கல்லூரியில் அதை எடுக்க ஆளில்லை. இங்கே ஆளிருந்தும் நூலில்லை.

1945-இல் கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளை ஒரே சங்கமாகச் சேர்த்தார். தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றையொன்று தெரிந்துகொண்டதுதான் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றும்.

பொள்ளாச்சி கூப்பிடு தூரம். இளநீர் லாரி தினமும் எல்லை தாண்டுகிறது. என் உறுப்பினர் அட்டை தாண்டுவதில்லை.

சரி, 300 பக்கம் இருக்கிறது. ஆரம்பிக்கிறேன்.