ஒரு பெயரும் நான்கு தேதிகளும்: அர்பானா–ஷாம்பெய்ன் புறப்பாட்டு நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 15

உதவித்தொகையோடு வந்த அழைப்புக்குப் பதில் சொல்ல இன்றே கடைசி நாள். இந்தத் தேதிக்கு முன்னால் பதில் கேட்டு மாணவரை நெருக்குவதில்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தங்களுக்குள் உடன்பாடு வைத்திருக்கின்றன. இங்கே பேச்சு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா–ஷாம்பெய்ன் வளாகத்துக்கு முதுநிலை படிக்கப் போவது பற்றி.

ஒப்புதல் பொத்தானை அழுத்துவதற்கு முன் கடிதத்தில் தேட வேண்டியது நியமன சதவீதம், அதாவது பல்கலைக்கழகம் தரும் உதவியாளர் வேலையின் அளவு. 50% என்றால் வாரத்துக்கு 20 மணி நேர வேலை. 25 முதல் 67 சதவீதத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும். மாணவர் கட்டணங்கள் என்று தனியாகச் சில உண்டு, அவை எல்லாம் தள்ளுபடியில் அடங்காது. சதவீதமே எழுதாமல் 'உதவி கிடைக்க வாய்ப்புண்டு' என்று மட்டும் இருந்தால் அது உதவி அல்ல, ஆறுதல்.

சுவரில் ஒட்ட நான்கு தேதிகள். வேலை தொடங்குவது ஆகஸ்ட் 16. வகுப்பு தொடங்குவது ஆகஸ்ட் 26. ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று) தேதியும் வாடகை ஒப்பந்தத் தேதியும் இன்னும் தெரியாது. இந்த நான்கும் ஒரே நாளில் விழுவதில்லை. சிக்கல்களில் பாதி இந்த இடைவெளிகளில்தான் முளைக்கிறது.

ஏப்ரல் 18

இன்று முழுக்கப் பெயர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய தலைவலி இது.

நம் பாஸ்போர்ட்கள் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். பெயர், அப்பா பெயர் இரண்டும் சேர்ந்து 'கிவன் நேம்' கட்டத்தில் கிடக்கும். அமெரிக்க விசா முறையில் குடும்பப் பெயர் இல்லாமல் இருக்க முடியாது. அதனால் அந்த முழுப்பெயரும் குடும்பப் பெயர் கட்டத்துக்குத் தாவிவிடும். காலியான முதற்பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு அங்கே போய் வங்கி அட்டை, ஓட்டுநர் உரிமம், சம்பளப் பதிவு என்று எங்கே பெயர் கொடுத்தாலும் அந்த மூன்றெழுத்து கூடவே வரும். 'மிஸ்டர் எஃப்னு' என்று கூப்பிடுபவர்களும் உண்டு.

தீர்வு: ஐ-20 கேட்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்துக்கு நகர்த்துவது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் 'விவரங்களில் மாற்றம்' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. தலைப்பெழுத்து மட்டும் இருந்தால் அதையும் விரித்து எழுதிவிடுவது நல்லது. 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தைக் குடும்பப் பெயராகக் கொடுத்தால் சில இணையப் படிவங்கள் 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று அடம்பிடிக்கும்.

ஐ-20 ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் பாஸ்போர்ட்டைத் தொட வேண்டாம். எஃப்.என்.யு.வோடே போகலாம், சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. பாதி ஆவணங்கள் பழைய பெயரிலும் மீதி புதிய பெயரிலும் இருப்பதுதான் அதைவிடப் பெரிய சிக்கல்.

மே 6

ஐ-20 பி.டி.எஃப் ஆக மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்து முதல் பக்கத்தில் மாணவர் கையெழுத்தைப் பேனாவால் போட வேண்டும். பார்க்க வேண்டியவை: பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, பிறந்த தேதி சரியா, 'என்00' என்று தொடங்கும் சேவிஸ் எண் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டு எண்), செலவு மதிப்பீடும் பண ஆதாரமும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றனவா.

படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் நாட்டுக்குள் நுழைய முடியாது. ஐ-20இல் ஆகஸ்ட் 19 என்றிருந்தால் ஜூலை 20க்கு முந்தைய டிக்கெட் வீண். மலிவாகக் கிடைக்கிறதென்று ஜூலை நடுவில் டிக்கெட் எடுத்துவிட்டுப் பின்னால் மாற்றுக் கட்டணம் கட்டுவது வருடந்தோறும் நடக்கிற கதை.

மே 14

சேவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இரண்டும் வேறு வேறு தளம், வேறு வேறு ரசீது. சேவிஸ் ரசீதை அச்செடுத்து வைக்க வேண்டும்.

டி.எஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவம் 20 நிமிடம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிடும். பக்கத்துக்குப் பக்கம் சேமித்து, விண்ணப்ப எண்ணைத் தனியாக எழுதிக்கொள்ளலாம். கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கும், மறைக்க வேண்டாம். புகைப்படம் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கூடாது. சமர்ப்பித்த பின் தவறு தெரிந்தால் அதைத் திருத்த முடியாது. புதுப் படிவம் நிரப்பி, நேர்காணல் பதிவில் பழைய உறுதிப்பக்க எண்ணை மாற்ற வேண்டும். அதை மறந்து நேர்காணலுக்குப் போனால் எண் பொருந்தாது.

மே 27

தடுப்பூசி. எல்லாரும் ஜூலைக்குத் தள்ளிப்போடும் வேலை இது. அப்போது கணக்கு ஒத்துவராது.

இல்லினாய் மாநிலச் சட்டம் கேட்பது இது. எம்.எம்.ஆர் (தட்டம்மை–பொன்னுக்கு வீங்கி–ருபெல்லா ஊசி) இரண்டு தவணை, இடையே குறைந்தது 28 நாள். டிப்தீரியா–டெட்டனஸ் வரிசையில் மூன்று தவணை, அதில் ஒன்று 'டிடாப்', கடைசி ஊசி பத்தாண்டுக்குள். 22 வயதுக்குக் குறைந்தவருக்கு மூளை உறைக் காய்ச்சல் ஊசியும் உண்டு. முதுநிலை மாணவர் பலருக்கு அது தேவைப்படாது.

நம் ஊரில் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, 9ஆம் மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசி கணக்கில் வராது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் செல்லும், அதிலும் பொன்னுக்கு வீங்கியும் ருபெல்லாவும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு, மருத்துவமனையில் 'டி.டி.' என்று போடும் ஊசியில் கக்குவான் இருமல் பாகம் கிடையாது. 'டிடாப்' என்று பெயர் சொல்லிக் கேட்டு, சீட்டிலும் அப்படியே எழுதி வாங்க வேண்டும்.

அடுத்தது காசநோய்ச் சோதனை. கையில் பி.சி.ஜி தழும்பு இருப்பவருக்குத் தோல் சோதனை பொய்யாக வீங்கிக் காட்டலாம், அதனால் 'இக்ரா' என்ற இரத்தப் பரிசோதனைதான் சரி. எம்.எம்.ஆர் உயிருள்ள கிருமி ஊசி. அது இந்தச் சோதனையின் முடிவைக் கொஞ்ச காலம் மழுங்கடிக்கும். எனவே இரத்தம் கொடுப்பதை ஊசி போடும் அதே நாளில் முடிக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 4 வாரம் பொறுக்க வேண்டும். இன்று இரத்தமும் முதல் ஊசியும் முடிந்தால் இரண்டாம் ஊசி ஜூன் 24.

படிவத்தில் தேதியை மாதம்–நாள்–ஆண்டு வரிசையில் எழுத வேண்டும். 05/06 என்று எழுதினால் இங்கே ஜூன், அங்கே மே. மருத்துவரிடம் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பதிவேற்றம் முழுமையாகாவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பாடம் பதிய முடியாமல் தடை விழும்.

ஜூன் 8

வீடு. வளாகம் ஷாம்பெய்ன், அர்பானா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே கிடக்கிறது. வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஆகஸ்ட் நடுவில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்து தொடங்கும். அந்த வாரத்தில் தெருவெல்லாம் மெத்தையும் சோபாவுமாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது, கூட்டு ஒப்பந்தமா தனி ஒப்பந்தமா என்பது. கூட்டாகக் கையெழுத்திட்டால் அறைத்தோழர் பாதியில் போனாலும் முழு வாடகைக்கும் மீதிப்பேர் பொறுப்பு. அடுத்து, வெப்பமூட்டும் செலவு வாடகைக்குள்ளா வெளியிலா என்பது. ஜனவரி மாதத்தில் அந்த ஒரு வரியின் விலை புரியும். தளபாடம் இல்லாத வீடு மலிவாகத் தோன்றும், கட்டிலும் மேசையும் வாங்கிச் சேர்த்தால் அப்படி இராது. வீட்டைக் காணொளியில்கூடக் காட்டாமல் முன்பணத்தை மட்டும் அனுப்பச் சொல்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஜூன் 19

விசா நேர்காணல். கைரேகையும் படமும் தனி மையத்தில் முன்னதாகவே முடிந்திருக்கும். நேர்காணல் சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். கைப்பேசியும் பையும் உள்ளே போகாது, ஒளிபுகும் கோப்பு போதும்.

பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். என்ன படிக்கப் போகிறாய், ஏன் அங்கே, யார் பணம் தருகிறார்கள். மனப்பாடம் செய்த பத்தியை ஒப்பித்தால் அதிகாரி நடுவில் வெட்டிக் கேட்பார், அங்கே தடுமாறும். ஆய்வுத் துறையை அடுத்த வீட்டு மாமாவுக்குச் சொல்வதுபோல் இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகினால் போதும். 221(ஜி) சீட்டு கொடுத்தால் நிராகரிப்பு என்று கலங்க வேண்டாம். கேட்ட ஆவணத்தை அனுப்பிக் காத்திருக்க வேண்டும், விடை வரும்வரை டிக்கெட்டை உறுதி செய்யாமல் இருப்பது நல்லது.

பாஸ்போர்ட் திரும்பிய அன்றே விசா ஒட்டில் பெயர், பிறந்த தேதி, சேவிஸ் எண் மூன்றையும் ஐ-20யோடு ஒப்பிட வேண்டும்.

ஜூலை 2

பணம். முதல் சம்பளம் செப்டம்பர் 16இல்தான் வரும். அதுவரை ஒரு மாதச் செலவு, முன்பணம், முதல் மாத வாடகை, தள்ளுபடியில் அடங்காத கட்டணங்கள் எல்லாவற்றுக்கும் கையில் இருக்க வேண்டும். முழு உதவித்தொகை கிடைத்தவர்கள்தான் இந்த இடைவெளியை அதிகம் மறக்கிறார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் நிதியாண்டில் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு டி.சி.எஸ் பிடிப்பார்கள்; 2024இல் அந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. அப்போது வங்கிக் கல்விக் கடனிலிருந்து போனால் 0.5%, சொந்தப் பணமென்றால் 5% பிடித்தார்கள். இது செலவல்ல, முன்கூட்டிக் கட்டும் வரி. யாருடைய பான் எண்ணில் பணம் போகிறதோ அவர் வருமான வரித் தாக்கலில் திரும்பப் பெறலாம். எனவே தாக்கல் செய்கிறவர் கணக்கிலிருந்து அனுப்புவதே புத்தி.

ஜூலை 15

பாடப் பதிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு, அதைத்தான் பதிய வேண்டும். 400 வரிசைப் பாடங்களில் இளநிலை மாணவரும் இருப்பார்கள், 500 வரிசை முதுநிலைக்கு. வேலை நியமனம் இல்லாத வெளிநாட்டு மாணவர் 12 'கிரெடிட் மணி' அளவுக்குப் பாடம் எடுக்க வேண்டும். 25–67 சதவீத நியமனம் இருந்தால் 8 போதும். முதல் பருவத்தில் எட்டோடு நிறுத்திக்கொள்வதே சரி. வாரம் 20 மணி கற்பித்தல் வேலை தாளில் சின்னதாகத்தான் தெரியும்.

கற்பித்தல் உதவியாளர்கள் ஒன்றை இப்போதே பார்க்க வேண்டும். 2024 நிலவரப்படி டோஃபெல் ஆங்கிலத் தேர்வின் பேச்சு மதிப்பெண் 24க்குக் குறைவாக இருந்தால் வளாகத்தில் ஆங்கில நேர்காணல் தேர்வு இருந்தது.

இரட்டைச் சரிபார்ப்புச் செயலியில் இந்தியக் கைப்பேசி எண்ணை மட்டும் பதிந்துவிட்டு, அங்கே போய் சிம் மாற்றியதும் பல்கலைக்கழகக் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்பார்கள். மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து வைக்கவும். இந்திய சிம்முக்கு ரோமிங் இங்கிருந்தே போட்டுவிட வேண்டும், வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும்.

ஆகஸ்ட் 4

பெட்டி. வழக்கமாக 23 கிலோவில் இரண்டு. குக்கர் கீழே போகும் பெட்டியில், உள்ளே துணி திணித்து. சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடியும் அதிலேயே. அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடியைக் கையில் கொண்டுபோனால் தனிச் சோதனை. கறிவேப்பிலை வேண்டாம், எலுமிச்சை இனப் பயிர்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் அங்கே தடை. வளைகுடா வழியாகப் போகிறவர்கள் கசகசாவை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். துபாயில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. குருமா அது இல்லாமலும் வரும்.

பாஸ்போர்ட், ஐ-20, நியமனக் கடிதம், தடுப்பூசிச் சீட்டு நான்கும் கைப்பையில்.

ஆகஸ்ட் 10

சிகாகோ ஓஹேர். அங்கிருந்து வளாகத்துக்கு நேரடிப் பேருந்து உண்டு. ரயில் என்றால் நகருக்குள் யூனியன் ஸ்டேஷன் போய் ஆம்ட்ராக் பிடிக்க வேண்டும். பெட்டி இரண்டு இருந்தால் பேருந்தே மேல்.

இறங்கியதும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும்: வகை எஃப்-1, தங்கும் காலம் 'டி/எஸ்', அதாவது மாணவர் நிலை நீடிக்கும்வரை. தேதி ஏதாவது அச்சாகியிருந்தால் அன்றே பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் சொல்ல வேண்டும்.

வீட்டு ஒப்பந்தம் 17ஆம் தேதி தொடங்கினால் ஒரு வாரம் சீனியர் வீட்டுக் கூடம்தான். இதை ஜூலையிலேயே கேட்டு வைக்க வேண்டும், ஆகஸ்டில் எல்லாருடைய கூடமும் நிரம்பியிருக்கும்.

ஆகஸ்ட் 13

ஐ-94, விசா, முகவரி மூன்றையும் பதிவேற்றி வருகைப் பதிவு. 17ஆம் தேதி வீடு மாறினால் புது முகவரியை 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அடையாள அட்டை கையில் வந்தால் நகரப் பேருந்து இலவசம்.

ஆகஸ்ட் 18

சாவி வாங்கியதும் ஒரு பெட்டியையும் பிரிக்காமல் முதலில் படம். சுவர்க் கறை, அடுப்பு, குளியலறை மூலை எல்லாம். வீட்டு நிலைப் படிவத்தில் எழுதாத கறை அடுத்த ஆண்டு முன்பணத்தில் கழியும்.

ஆகஸ்ட் 22

சமூகப் பாதுகாப்பு எண். நாட்டுக்குள் வந்து பத்து நாள் கழித்துப் போனால்தான் குடியேற்றப் பதிவு அவர்கள் கணினியில் தெரியும். முந்திப் போனால் விண்ணப்பம் சரிபார்ப்பில் மாட்டிக் கிடக்கும். வேலைக் கடிதம், பன்னாட்டு அலுவலகக் கடிதம், பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94. எண் வரும்வரை வேலை செய்யத் தடையில்லை. வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு மட்டும் காத்திருப்பு கிடையாது, வேலை தொடங்கிய மூன்று வேலை நாளுக்குள் அசல் ஆவணங்களைக் காட்டியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26

வகுப்பு தொடங்கியது. பாடம் ஒத்துவரவில்லையென்றால் மாற்றச் சில நாள் அவகாசம் உண்டு. விட்டுவிடும்போது மொத்தம் 8க்குக் கீழே போய்விடக் கூடாது, அது எஃப்-1 நிலையையே தொடும். புதியதைச் சேர்த்த பிறகே பழையதை நீக்கவும்.

செப்டம்பர் 16

முதல் சம்பளச் சீட்டு. கூட்டாட்சி வரி இருக்கும், இல்லினாய் மாநில வரி 4.95% இருக்கும். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்ற இரண்டு பிடித்தங்களும் எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்குக் கிடையாது. அந்த இரு வரிகளில் ஏதாவது தொகை இருந்தால் வெளிநாட்டவர் வரிப் படிவம் இன்னும் முடியவில்லை என்று பொருள். சீட்டின் நகலோடு இந்த வாரமே சம்பளப் பிரிவுக்கு எழுதினால் அடுத்த சம்பளத்துக்குள் சரிசெய்ய வழியுண்டு. ஆண்டு முடிந்துவிட்டால் திரும்ப வாங்க வேறு படிவங்கள், வேறு அலைச்சல்.