தூண் பாறையும் பாறைத்தூணும்

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள், உவமைத்தொகையும் உருவகமும் தனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன என்று சென்ற வாரம் வருந்தினாள். கொடைக்கானலில் வளரும் பிள்ளைக்கு அதன் விடை கண்ணெதிரே நிற்கிறது என்பதால், அவளைத் தூண் பாறைக்கு அழைத்துச் சென்றேன்.

சுமார் 400 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் அந்தப் பாறைகளின் பெயரிலேயே இலக்கணம் இருக்கிறது. தூண் பாறை என்றால் தூண் போன்ற பாறை. இடையில் 'போன்ற' என்னும் உருபு மறைந்திருப்பதால் அது உவமைத்தொகை. சொற்களை இடம் மாற்றிப் பாறைத்தூண் என்றால், பாறையாகிய தூண் என்று பொருள்பட்டு உருவகமாகிவிடுகிறது. முன்னதில் இரண்டு பொருள்களும் தனித்தனியே நிற்க, பின்னதில் பாறையே தூணாகிவிடுகிறது. தாமரை முகத்துக்கும் முகத்தாமரைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

எதனால் ஒப்புமை என்று கேட்டுப் பார்க்கவும் அவளைப் பழக்கினேன். தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என்று உவமை தோன்றும் நான்கு வகைகளைச் சொல்கிறது. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். தூண் பாறையில் ஒத்திருப்பது வடிவம். மழை போன்ற கொடை என்னும்போது ஒத்திருப்பது பயன். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் உவமையைப் பாராட்டுவது அரைகுறை வாசிப்பு என்றே நான் கருதுகிறேன்.

பேசிக்கொண்டிருக்கையிலேயே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிப் பாறைகளை மறைத்தது. அது இயல்பாக நிகழ்வது. கண்ணேறு படுமென்று அஞ்சிப் பாறை போர்வையை இழுத்துக்கொண்டது என்று நம் குறிப்பை அதன்மேல் ஏற்றினால் அது தற்குறிப்பேற்ற அணி. மதுரை மதிலின் மேல் காற்றில் அசையும் கொடிகள், கோவலனை வரவேண்டாமென்று கை காட்டித் தடுப்பதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவனுக்கு நேரப்போவதை அறிந்த நமக்கு அந்த அசைவே நெஞ்சை அடைக்கிறது. அணி கதையின் துயரத்தையே சுமக்கும் இடம் அது.

கொடைக்கானல் குளிரில் நடுங்கியது என்றால் நடுங்கியவர்கள் மக்கள். இடத்தின் பெயர் மக்களுக்கு ஆகி வருவதால் இடவாகுபெயர். குறிஞ்சியும் ஆகுபெயரே: பூவின் பெயர் நிலத்துக்கு ஆகி வந்திருக்கிறது. இங்கே 2018இல் குறிஞ்சி பூத்தபோது அவள் சிறுமி. அடுத்த பூப்பு 2030இல். அதுவரை பூவில்லாத இந்தச் சரிவுகளையும் குறிஞ்சி என்றே அழைப்போம் என்றேன். அவள் அதைத் தன் குறிப்பேட்டில், ஆகுபெயர் என்னும் தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டாள்.