சுயசாகுபடி

"அதை எழுதுறது ஆரு சாரே?" என்று கேட்டார் அந்த வாழை விவசாயி. "கவர்மெண்ட்" என்றேன்.

பொய் என்று சொல்லிவிட முடியாது. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் அடங்கல் அரசாங்கக் கணக்குதான். ஆனால் அதில் பேனா பிடிப்பது கிராம நிர்வாக அலுவலர். அதாவது நான்.

ஒக்கி புயல் அடித்து முடிந்த 2017 டிசம்பர். சாய்ந்த ரப்பர் மரங்களை அறுத்து ஒதுக்கிய வழியில், தோட்டக்கலைக்காரர்களோடு விளை விளையாக, தோட்டம் தோட்டமாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் நிவாரணம். அவருடைய 40 சென்டில் அந்தக் கணக்குக்கே வேலையில்லை. அத்தனையும் ஏத்தன் வாழை, குலை தள்ளியவை, இடுப்பளவில் முறிந்து கிடந்தன. ஊன்றுகோல்கள் மட்டும் அங்கங்கே நேராக நின்றன, கட்டின கயிறோடு. ஒரு காயை ஒடித்துக் காட்டினார். கறை சொட்டியது. "வத்தலுக்குக்கூட எடுக்கமாட்டானுவ" என்றார்.

சேதத்தைக் குறைக்காமல்தான் எழுதினோம். சிக்கல் பெயரில் வந்தது. விளை அவர் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தது, வாய்ப்பேச்சுதான், சீட்டு கிடையாது. உடமைக்காரர் நாகர்கோவிலில். அடங்கலில் அவர் பெயர், பக்கத்தில் 'சுயசாகுபடி'. "அவருகிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன். இரண்டு நாள் கழித்து வெறுங்கையோடு வந்தார். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தைக் காட்டி விளையையே கேட்பான் என்று உடமைக்காரருக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் "எனக்க வாழைதானே சாரே விழுந்துது?" என்றார். அடங்கலில் அப்படி இல்லையே என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

மாதாமாதம் வயலில் இறங்கிப் பார்த்து எழுத வேண்டிய கணக்கு அது. 1427-ஆம் பசலிக்கு, அதாவது அந்த வருவாய் ஆண்டுக்கு, நான் போன பசலியைப் பார்த்து எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் என்பது சமாதானம் ஆகாது, தெரியும். ஆனால் ஒரே ஆள், அத்தனை உட்பிரிவு, நடுவில் சான்றிதழ், தேர்தல் வேலை. நேரில் போயிருந்தாலும், சீட்டில்லாமல் அவர் பெயரை எழுதியிருப்பேனா? எழுதியிருந்தால் உடமைக்காரர் தாலுகா ஆபீசில் வந்து நின்றிருப்பார், விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கும். இதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். கூடவே இன்னொன்றும் தோன்றும்: அக்கம்பக்கத்து விளைக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்து, ஒரு வாக்குமூலம் எழுதி, மேலே அனுப்பியிருக்கலாம். அரை மணி நேர வேலை. அது அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

பணம் உடமைக்காரர் கணக்கில் ஏறியது. 40 சென்ட் என்றால் 0.16 ஹெக்டேர், தொகை பெரிதில்லை என்று வீட்டில் சொன்னேன். "பெரிசில்லன்னா ஏன் இத்தனை தடவை சொல்லுதீங்க?" என்றாள்.

அவர் என்னைத் திட்டவில்லை. "சரி சாரே" என்று மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டு, கும்பிட்டுப் போனார்.

அடுத்த பசலியில் அந்த விளைக்கு நேரிலேயே போனேன். உடமைக்காரர் ரப்பர் கன்று வைத்திருந்தார். பார்த்து எழுதினேன்: ரப்பர், சுயசாகுபடி.