சீம்பாலுக்கு முன்: ஓர் ஆய்வு நாட்குறிப்பு

ஜனவரி 24, 2017

இன்று மேசைக்கு வந்த செம்மறிக் குட்டி, இரட்டையில் ஒன்று. முன்னங்கால்கள் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. மூட்டை நீட்டப் பார்த்தேன், அசைந்துகொடுக்கவில்லை. முதுகெலும்பு வளைந்து, கழுத்து இடப்பக்கம் திருகியிருந்தது. கீழ்த்தாடை குட்டை. மண்டையோட்டைத் திறந்ததும் நீர் வடிந்தது. பெருமூளை இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய சவ்வு மட்டும்.

கூடப் பிறந்த குட்டி எழுந்து நின்று பால் குடித்துவிட்டதாம். பண்ணையை நடத்தும் அம்மாள் தொலைபேசியில் சொன்னார். ஒரே கருப்பையில் வளர்ந்தவை. ஒன்று இப்படி, மற்றதற்கு ஒரு குறையும் இல்லை.

ஷ்மாலன்பெர்க் வைரஸ் என்று எழுதிவிடக் கை துறுதுறுத்தது; கடிபூச்சிகள் பரப்பி, ஆடு மாடுகளின் கருவைக் குலைப்பது அது. எழுதவில்லை. பரம்பரைக் கோளாறும், சினைக் காலத்தில் தாய் மேய்ந்த நச்சுச் செடியும்கூடக் குட்டியை இப்படி முடக்கக்கூடும். மூளைத் துண்டையும் நஞ்சுக்கொடியையும், வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பிவிட்டு, நெஞ்சறையில் தேங்கியிருந்த நீரையும் எடுத்து வைத்தேன்.

ஜனவரி 27

பி.சி.ஆரில் வைரஸ் இல்லை. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனின் முகம் வாடிவிட்டது. எனக்கு வியப்பில்லை.

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். இந்த வைரஸ் கருவைக் குலைப்பது பெரும்பாலும் நான்காவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில், மூளையும் தண்டுவடமும் உருவாகிக்கொண்டிருக்கும்போது. இந்தக் குட்டிக்குக் கணக்குப் போட்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. அப்போது தாய்க்குக் காய்ச்சல்கூடக் கண்டிருக்காது. அதன் இரத்தத்தில் வைரஸ் சில நாட்களே ஓடி மறைந்திருக்கும். பிறகு கருவின் எதிர்ப்புச் சக்தியும் விழித்துக்கொண்டு, தன் உடம்பிலிருந்த வைரஸைத் துரத்தியிருக்கும். நாம் பார்ப்பது வெள்ளம் வடிந்த பிறகான ஊரை.

ஆகவே தேடவேண்டியது, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. செம்மறியின் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்பொருளைக் கருவுக்குக் கடத்தாது; குட்டிக்கு அது சீம்பால் வழியாகத்தான் கிடைக்கும். சீம்பால் குடிக்காத குட்டியின் உடம்பில் எதிர்ப்பொருள் இருந்தால், அது குட்டி தானே உண்டாக்கியது. கருவிலேயே வைரஸைச் சந்தித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு வாய் குடித்துவிட்டால் போயிற்று, தாயினுடையது எது, குட்டியினுடையது எது என்று பிரிக்க முடியாது.

இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்காவிட்டால் குட்டி குளிரிலோ வேறு தொற்றிலோ போய்விடக்கூடும். என் தகவலுக்காகக் குட்டியைப் பட்டினி போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பண்ணைகளுக்கு எழுதிய குறிப்பில் "ஆள் அருகில் இருந்து, உடனே இரத்தம் எடுக்க முடிந்தால் மட்டும்" என்ற வரியை அடிக்கோடிட்டேன். மாதிரி குறையும். குறையட்டும்.

பிப்ரவரி 2

முடங்கிய குட்டியின் நெஞ்சறை நீரில், எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா சோதனை பாசிட்டிவ். புதுப்பையன் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டான்.

பிப்ரவரி 9

இன்று முழுக்க, வைரஸைப் பரப்பும் பூச்சி. அக்டோபரில் தொழுவத்தருகே மாட்டிய புறஊதா விளக்குப் பொறிகளில் விழுந்தவை, சாராயத்தில் ஊறிக் கிடக்கின்றன. கியூலிகாய்டிஸ் என்ற இந்தக் கடிபூச்சி ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரைதான். கொசுவலைக்குள் சர்வசாதாரணமாக நுழைந்துவிடும். இரத்தம் குடிப்பது பெண் மட்டுமே.

நுண்ணோக்கியின்கீழ் முதலில் இறக்கையின் புள்ளிகளைப் பார்க்கிறேன், பிறகு வயிற்றை. வயிறு வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் இன்னும் யாரையும் கடிக்காதது, தள்ளிவைக்கலாம். வயிற்றுச் சுவரில் கருஞ்சிவப்புச் சாயம் படிந்திருந்தால் ஒருமுறையாவது இரத்தம் குடித்து முட்டையிட்டு முடித்தது. வைரஸைச் சுமக்க வாய்ப்புள்ள கிழவி அவள்தான். இன்று குடித்த இரத்தத்தோடு வயிறு உப்பியதைத் தனியாக வைக்கவேண்டும். அதில் வைரஸ் கிடைத்தாலும் அது ஆட்டின் இரத்தத்தில் வந்ததா, பூச்சிக்குள் பெருகியதா என்று சொல்ல முடியாது.

கியூலிகாய்டிஸில் ஒன்றுக்கொன்று ஒத்த இனங்கள் அடங்கிய ஆப்சொலீட்டஸ் குழுவின் பெண்களைக் கண்ணால் இனம் பிரிக்க முயல்வது வீண். அதற்கு மரபணுச் சோதனை வேண்டும்.

பிப்ரவரி 10

கண் எரிச்சல். மறுபடியும் பூச்சி.

பிப்ரவரி 18

புதுப்பையனுக்கு இந்த வைரஸின் கதையைச் சொல்ல நேர்ந்தது. 2011 கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஜெர்மனி, நெதர்லாந்துப் பண்ணைகளில் பசுக்களுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பால் குறைந்தது. தெரிந்த நோய் எதுவும் பிடிபடவில்லை. ரீம்ஸ் தீவிலுள்ள ஃப்ரீட்ரிஷ் லோஃப்லர் நிறுவனம், குறிப்பிட்ட கிருமி எதையும் தேடாமல் இரத்தத்திலிருந்த மரபுப்பொருள் அனைத்தையும் வரிசைப்படுத்திப் பார்த்து நவம்பரில் கண்டுபிடித்தது. மாதிரி வந்த ஊரின் பெயரே வைரஸுக்கு ஆனது. டிசம்பரில் நெதர்லாந்தில் முடங்கிய குட்டிகள் பிறக்கத் தொடங்கின. 2012 ஜனவரியில் இங்கே இங்கிலாந்தின் கிழக்கிலும்.

இதன் நெருங்கிய உறவு சதுப்பேரி வைரஸ். 1957-இல் வேலூர்ப் பக்கம் கொசுக்களிலிருந்து பிரித்தெடுத்தது அது. ஐரோப்பிய ஆய்வுக் கட்டுரைகளின் வம்சவரிசைப் படங்களில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

2006-இல், இதேபோல் கடிபூச்சி பரப்பும் கால்நடை வைரஸ் நோயான நீலநாக்கு நோய் வட ஐரோப்பாவில் முதன்முறை தலைகாட்டியபோதே, உள்ளூர்க் கடிபூச்சிகள் இந்த வேலைக்குப் போதும் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பாடம் நிற்கவில்லை. ஷ்மாலன்பெர்க்குக்கு 2013-இல் பிரிட்டனில் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டது. நோய் அடங்கியதும் வாங்க ஆளில்லை. இந்தக் குளிரில் குட்டிகள் மடங்கிப் பிறக்கும்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை.

மார்ச் 6

பண்ணை அம்மாளிடம் முடிவுகளைக் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒன்றே: குறைக்குட்டி ஈன்ற தாய்களைக் கழித்துவிடலாமா?

வேண்டாம் என்றேன். தொற்றுக் கண்டு தேறிய தாய்க்கு எதிர்ப்பு இருக்கிறது. அடுத்த சினைக்கு மந்தையில் பயம் குறைந்தது அதுதான். முன்பு 2012-இல் தப்பிய ஆடுகள் இப்போது வயதாகிக் கழிந்து, வைரஸையே பார்த்திராத இளம் ஆடுகள் மந்தையை நிரப்பியதால்தான் நோய்க்கு மறுபடி இடம் கிடைத்தது. அவர் சற்று நேரம் பேசாமல் பதிவேட்டைப் புரட்டினார். குட்டி ஈனும்போது பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் ஆகஸ்டில் கடா சேர்த்தவை.

முதல் சினைக்குப் போகும் ஆடுகளுக்கு மட்டும் நவம்பர்வரை கடாவை விலக்கிவைப்பதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் ஆபத்தான வாரங்கள் பூச்சி ஓய்ந்த டிசம்பருக்குப் போய்விடும். சந்தைக்கு முந்திக்கொள்ள முடியாது என்ற வருத்தம் அவருக்கு உண்டு. கோடையில் அந்த இளம் ஆடுகளின் இரத்தத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். பொறிகளை ஏப்ரலிலேயே மாட்டச் சொன்னார், மின்கம்பி இழுக்கும் செலவு எங்களுடையது என்ற நிபந்தனையோடு.